கோணாத அச்சு

தமிழ்நாட்டின் வடவெல்லையில் அமைந்துள்ள ஊர் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருவழி இவ்வூரைக் கடந்தே ஆந்திர நாட்டினுள் புகுகின்றது. இரவும் பகலும் அவ்வழியே லாரிகள் அணியணியாகச் செல்கின்றன. அவற்றைக் காண்போர் சுழலும் சக்கரங்களைக் காண்பர். சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத் தண்டைக் காண்பதில்லை. இயந்திரத்தின் ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்ப்பது அத்தண்டே. அது முறிந்தால் வண்டி வழியில் நின்றுவிடும். விரைந்து ஓடும்பொழுது முறியுமாயின் உயிர்க்கும் இடர் நேரும்.

இவ்வச்சுத் தண்டிற்கு ஒன்றற்கொன்று மாறுபட்ட இரு குணங்கள் வேண்டும். தேயாமலும் வெடிப்புக் காணாமலும் இருக்க அதன் மேற்பரப்பு மிகக் கடினமாக இருத்தல் வேண்டும். ஆனால், தண்டு முழுவதும் அவ்வாறு கடினமாயின், மேடுபள்ளங்களில் வண்டி அதிரும்பொழுது அது கண்ணாடிபோல் ஒடிந்துவிடும். ஆகவே, உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் உரமும், வெளியே வன்மையும் அமைதல் வேண்டும். நம் நாட்டுக் கொல்லர் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிவர். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில், அரிவாளின் வாயைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்துத் துவைச்சல் ஏற்றுவர். வாய் கடினமாகும், முதுகோ ஒடியாத உரத்துடன் நிற்கும்.

கொல்லர் உலைத்தீயால் செய்வதை இக்காலத் தொழிற்சாலைகள் மின்சாரத்தால் செய்கின்றன. மின்காந்தத் தூண்டல் என்னும் இயற்கை விதியை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். செம்புக் குழாயை வளையமாக வளைத்து, அதனுள் உருக்குத் தண்டை நிறுத்தி, விரைந்து திசைமாறும் மின்னோட்டத்தை வளையத்தில் செலுத்தினால், வளையம் தொடாமலே தண்டின் மேற்பரப்பில் மின்னோட்டம் எழும்; அதனால் மேற்பரப்பு சில நொடிகளில் செந்நிறமாகப் பழுக்கும். மின்னோட்டம் திசைமாறும் வேகம் மிகுதியாக ஆக, சூடு மேலோட்டமாகவே நிற்கும். நொடிக்கு 10,000 சுற்றுகள் உள்ள மின்னோட்டம் சில மில்லிமீட்டர் ஆழம்வரை சூடேற்றும். இலட்சக்கணக்கான சுற்றுகள் உடையதோ ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய இரும்பை உருக்கும் மின்தூண்டல் உலைகளும் இவ்விதியின்படியே இயங்குகின்றன. அங்கு இரும்பு முழுவதும் உருகுகின்றது; இங்குத் தோல் மட்டும் பழுக்கின்றது. 1930-களில் அமெரிக்காவில் கிராங்க் தண்டுகளைக் கடினப்படுத்த இம்முறை வழக்கிற்கு வந்தது. அதே காலத்தில் சோவியத்து நாட்டில் வோலோக்தின் என்னும் அறிஞரும் இதனை வளர்த்தார்.

நூற்றுக்கு ஏறத்தாழ 0.45 பங்கு கரியுள்ள உருக்கை 850 முதல் 950 பாகை சென்டிகிரேடு வரை சூடேற்றி, உடனே நீரைப் பாய்ச்சிக் குளிர்வித்தால், அதன் உள்ளமைப்பு மாறி மிகக் கடினமான ஒரு நிலை தோன்றும். ஜெர்மானிய அறிஞர் மார்ட்டென்ஸ் என்பாரின் பெயரால் அதனை மார்ட்டென்சைட் என்பர். இங்கேதான் இடர்ப்பாடும் பிறக்கின்றது. மார்ட்டென்சைட் ஆன உருக்கு, முன்னிருந்ததைவிடச் சற்று மிகுதியான இடத்தைக் கொள்ளும். எனவே கடினப்பட்ட தோல் சிறிது உப்புகின்றது. உள்ளிருக்கும் குளிர்ந்த உருக்கு அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. இவ்வுப்புதல் சுற்றிலும் ஒரே அளவாக இருப்பின் தண்டு நேராகவே நிற்கும். ஒருபுறம் 3 மில்லிமீட்டரும் மறுபுறம் 4 மில்லிமீட்டரும் கடினப்பட்டால் இருபுறத்து விசைகளும் சமன்படாமல் தண்டு கோணிவிடும்.

இவ்வளைவையே தமக்குத் துணையாக்கிக் கொண்டோர் ஜப்பானிய வாட்கொல்லர். வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும், வாயில் மெல்லியதாகவும் பூசி நீரில் தோய்ப்பர். வாய் விரைந்து குளிர்ந்து உப்ப, வாள் பின்னோக்கி அழகாக வளையும். வாளுக்கு அழகு தரும் வளைவு அச்சுக்குக் கேடாகும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கோணலும் விரைந்து சுழலும் தண்டில் அதிர்வை உண்டாக்கி, அதனைத் தாங்கும் பேரிங்குகளைத் தேய்த்துவிடக்கூடும்.

கோணலைத் தடுக்கும் முயற்சி, சூடேற்றுவதற்கு நெடுநேரம் முன்பே தொடங்குகின்றது. உருட்டும்பொழுதும் நிமிர்த்தும்பொழுதும் கடையும்பொழுதும் உருக்கினுள் விசைகள் அடங்கிக் கிடக்கும். சூடு பட்டதும் அவை விடுபட்டுத் தண்டை இழுக்கும். ஆதலால் 550 முதல் 650 பாகை வரை மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டு அவ்விசைகளை முன்னரே தணிப்பர். பின்னர்த் தண்டைச் செம்பு வளையத்தின் நடுவில் நிறுத்துவர். வளையத்திற்கும் தண்டிற்கும் உள்ள இடைவெளி ஒருபுறம் குறைந்தால் அப்புறமே மிகுதியாகச் சூடேறும். அவ்வேற்றத்தாழ்வை நீக்கத் தண்டை இடைவிடாது சுழற்றுவர். குளிர்விக்கும் நீரும் ஒருபுறம் மட்டும் விழாமல், துளைகள் நிறைந்த வளையத்தினின்று சுற்றிலும் சமமாகப் பாயும். தண்டில் துளைகள் இருப்பின், அவற்றின் விளிம்பில் மின்னோட்டம் நெருங்கி மிகுசூடு உண்டாகுமாதலின், அத்துளைகளைச் செம்பு ஆப்பால் அடைப்பதும் உண்டு.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஒரு மீட்டர் நீளமுள்ள உருக்குத் தண்டு 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். பழைய இருப்புப் பாதைகளில் தண்டவாளங்களுக்கு இடையே சிறு இடைவெளி விட்டமை இதனாலேயாம். தண்டின் இருமுனைகளையும் அசையாமல் இறுகப் பற்றினால், நீள இடமின்றி அது நடுவில் வளையும். ஆகவே, ஒரு முனையைச் சுருள்வில்லால் தாங்கி, நீள்வதற்கு இடமளிப்பர்.

‘கோணினால் என்ன? அழுத்தி நிமிர்த்திவிடலாமே’ எனச் சிலர் எண்ணலாம். நிமிர்த்துவதும் வழக்கில் உண்டு. ஆயினும் கடினப்பட்ட தோல் வளைந்து கொடாது. மிகுதியாக அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் தோன்றிவிடும். சாணையிட்டுச் சீராக்க முயன்றாலோ, அரிதின் உண்டாக்கிய வன்தோல் ஒருபுறம் தேய்ந்து மெலியும். அவ்வெடிப்பும் மெலிவும் தொழிற்சாலையில் வெளிப்படா; பாரம் ஏற்றிய வண்டி நள்ளிரவில் பாலத்தைக் கடக்கும்பொழுது வெளிப்படலாம்.

இதில் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தண்டைக் கோணச்செய்யும் அவ்வுப்புதலே அதனைக் காப்பதுமாகும். உப்ப முயலும் தோலை உள்ளுருக்கு தடுப்பதால், தோல் எப்பொழுதும் நெருக்குண்டு நிற்கின்றது. வெடிப்பு ஒன்று வாய் திறக்க வேண்டுமாயின் அந்நெருக்கத்தை வென்றாக வேண்டும். எனவே, உப்புதலை ஒழிப்பது தொழிலறிஞரின் நோக்கமன்று; எப்புறமும் அதனைச் சமமாக்குவதே நோக்கமாகும். கடினப்பட்ட தண்டை 150 முதல் 200 பாகை வரை மீண்டும் இளஞ்சூடேற்றி, அதன் நொறுங்கும் தன்மையைத் தணித்து, இருமுனைகளுக்கிடையே சுழற்றி அளந்து பார்த்த பின்னரே வண்டியில் பொருத்த அனுப்புவர்.

ஆரம்பாக்கத்தின் வழியே செல்லும் ஓட்டுநர் இவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. அச்சைச் செய்தவர் முகத்தையும் அவர் கண்டிருக்க மாட்டார். எனினும், எங்கோ ஒரு தொழிலாளி வளையத்தின் இடைவெளியை அளந்து, நீர்த்துளைகளில் அடைப்பு இல்லையென்று பார்த்து, தண்டை நடுநிலையில் நிறுத்திய அந்தச் சிறு கவனத்தை நம்பியே அவர் வண்டி ஓடுகின்றது.