நிலத்துக்கு அடியில் – 14: எண்ணெய்க்குத் தோண்டிய கிணறு

ராமகுப்பம் பக்கத்தில் கேசிங் பைப் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி தோட்டத்தில் வந்து நின்றதும், நிலத்துக்காரர் கேட்கும் முதல் கேள்வியே "கேசிங் எத்தனை அடி இறங்கும்?" என்பதுதான். மேல்மண் சரிந்து துளையை அடைத்துவிடாதபடி, கெட்டிப் பாறை தட்டும்வரை இறக்குகிற குழாய் அது. அதற்குக் கீழே வெறும் துளை போதும். தக்காளிக்கும் மல்பெரிக்கும் தண்ணீர் தேடி ஆயிரம் அடி வரை இறங்கிப் பார்க்கிற ஊர்களில் இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. எரிவாயுக் கிணற்றிலும் கேசிங் உண்டு. ஆனால் அங்கே அதற்கு வேலை இரட்டிப்பு. வெளியிலிருந்து மண்ணும் நீரும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். உள்ளே அழுத்தத்தோடு நிற்கும் வாயு வெளியே போகாமலும் தாங்க வேண்டும்.

அப்படித் தாங்காமல் போன ஒரு ஏழு அங்குலக் குழாயைப் பற்றித்தான் இந்த வாரம்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடமேற்கு ஓரத்தில், மலைச்சரிவில் இருக்கிறது அலிசோ கேன்யன். எண்ணெய் எடுத்து முடித்த பழைய வயல். அந்த மணற்பாறையில் எண்ணெய் இருந்த நுண்துளைகளுக்குள் சதர்ன் கலிபோர்னியா கேஸ் நிறுவனம் எரிவாயுவை அழுத்தி ஏற்றிவைக்கும். தேவை கூடும் காலத்தில் திரும்ப எடுக்கும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட நிலத்தடிக் கிடங்குகள் சுமார் 400 இருக்கின்றன. பெரும்பாலானவை வற்றிய எண்ணெய், எரிவாயு வயல்கள். சில, உப்புப் படிவத்தைக் கரைத்து உண்டாக்கிய குகைகள்.

2015 அக்டோபர் 23 அன்று அலிசோ கேன்யனில் எஸ்எஸ்-25 என்ற கிணற்றில் கசிவைக் கண்டார்கள். கனமான திரவத்தை மேலிருந்து செலுத்தி வாயுவை அமுக்கும் முயற்சி ஏழு முறை தோற்றது. கடைசியில் பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, அடியில் போய்க் குறுக்கே துளைத்து, 2016 பிப்ரவரியில்தான் நிரந்தரமாக அடைத்தார்கள். அதற்குள் சுமார் 97,000 டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டது. மணமில்லாத வாயுவை மூக்கு கண்டுகொள்வதற்காகச் சேர்க்கும் மெர்காப்டனின் நாற்றம், கீழே இருந்த போர்ட்டர் ராஞ்ச் குடியிருப்பில் தலைவலியும் மூக்கில் ரத்தமுமாக இறங்கியது. 8,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறின.

அந்தக் கிணற்றின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும். 1953-ல் எண்ணெய்க்காகத் தோண்டத் தொடங்கிய கிணறு அது. 1973-ல் அதையே எரிவாயு ஏற்றி இறக்கும் கிணறாக மாற்றிக்கொண்டார்கள். அடியில் இருந்த பாதுகாப்பு வால்வை 1979-ல் கழற்றினார்கள். புதிதாக வேறொன்றைப் போடவில்லை. அன்றைய விதி அதைக் கேட்கவும் இல்லை. உள்குழாய் வழியாக மட்டுமல்லாமல், அதற்கும் கேசிங்குக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாகவும் வாயு ஓடியது. ஆக, வாயுவுக்கும் பூமிக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு இரும்புச் சுவர். பிளேட் எனர்ஜி என்ற ஆய்வு நிறுவனம் 2019 மே மாதம் தந்த அறிக்கையின்படி, 892 அடி ஆழத்தில் அந்தச் சுவர் வெளிப்பக்கமாக அரித்திருந்தது. நிலத்தடி நீர் பட்ட இடத்தில் நுண்ணுயிரிகள் செய்த வேலை. அதே வயலில் அதற்கு முன் 60-க்கும் மேற்பட்ட கேசிங் கசிவுகள் நடந்திருந்தன. காரணம் என்னவென்று நிறுவனம் தோண்டிப் பார்க்கவில்லை என்றது அறிக்கை.

சரி, அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? நிலத்தின் மேலே ஓடும் குழாய்க்கு அமெரிக்க மத்திய அரசிடம் கட்டுக்கட்டாக விதிகள் இருந்தன. குழாய் கிணற்று வாயைத் தொட்டதும் அந்த விதிகள் நின்றுவிடும். கிணறும் அதற்குக் கீழே இருப்பதும் மாநிலங்களின் பாடு. 1992-ல் டெக்சாஸின் பிரென்ஹம் ஊரில் உப்புக் குகைக் கிடங்கு ஒன்று கசிந்து வெடித்து மூவர் இறந்தபோதே, மத்திய விதி வேண்டும் என்று பேச்சு எழுந்தது. 1997-ல், மாநில விதிகளும் நிறுவனங்களின் சொந்த நெறிமுறைகளும் போதும் என்று முடித்துக்கொண்டார்கள்.

நான்கே ஆண்டு. 2001 ஜனவரியில் கான்சஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் நகர நடுவில் கட்டடங்கள் வெடித்தன. மறுநாள் இன்னொரு வெடிப்பில் இருவர் இறந்தார்கள். வாயு வந்தது 11 கிலோமீட்டர் தள்ளியிருந்த யாகி என்ற உப்புக் குகைக் கிடங்கிலிருந்து. பூமிக்கடியில் ஊர்ந்து வந்து, ஊருக்குள் மறந்துபோன பழைய உப்புநீர்க் கிணறுகள் வழியாகப் பீறிட்டது. யாகியின் கதையும் அலிசோ கதைதான். 1980-களில் புரோப்பேன் வைக்கத் தோண்டியவை அந்தக் கிணறுகள். தொழில் படுத்ததும் காங்கிரீட்டால் அடைத்தார்கள். 1990-களில் வேறொருவர் வாங்கி, அடைப்பைத் துளைத்துத் திறந்து, எரிவாயுவை நிரப்பினார். திறந்தபோது கேசிங்கில் பட்ட காயம் வழியாகத்தான் வாயு தப்பியது.

அலிசோவுக்குப் பிறகுதான் வாஷிங்டன் அசைந்தது. 2016 ஜூனில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், நிலத்தடிக் கிடங்குகளுக்கு விதி எழுது என்றது. டிசம்பரில் இடைக்கால விதி வந்தது. அவசரத்தில் புதிதாக எழுதவில்லை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தன் உறுப்பினர்களுக்கு ஆலோசனையாக வைத்திருந்த இரண்டு நெறிமுறைகளை எடுத்து, ஆலோசனைகளையும் சேர்த்துக் கட்டாயமாக்கினார்கள். நிறுவனங்கள் முரண்டு பிடித்தன. 2020-ல் வந்த இறுதி விதியில் ஆலோசனைகள் மறுபடி ஆலோசனைகளாயின. ஆனாலும் ஒன்று தப்பியது: ஒவ்வொரு கிணற்றின் ஆபத்தையும் 2027-க்குள் மதிப்பிட்டு முடிக்க வேண்டும். கலிபோர்னியா இன்னும் கறாராக நின்றது. வாயு உள்குழாயில் மட்டுமே ஓடலாம். கேசிங் இரண்டாவது சுவராக நிற்க வேண்டும். ஒற்றைச் சுவர் முறைக்கு அங்கே முற்றுப்புள்ளி. என் கணக்கில், மொத்தக் களேபரத்திலும் உருப்படியான வரி அதுதான்.

அமெரிக்காவில் விதி இல்லாமல் நடந்தது. நம் ஆந்திரத்தில் விதி இருந்தும் நடந்தது. கோதாவரிக் கழிமுகத்தில், இன்றைய கோனசீமா மாவட்டத்தின் நகரம் என்ற கிராமத்தில், 2014 ஜூன் 27 விடியற்காலையில் கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் வெடித்தது. தூக்கத்திலிருந்த வீடுகளும் தென்னந்தோப்பும் கருகின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழாய்ப் பாதுகாப்புக்குப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2009-ஆம் ஆண்டு விதிகள் இருந்தன. குழாயின் உறுதியைக் கண்காணிக்க 2012-ல் தனி விதிகளும் வந்திருந்தன. விசாரணையில் தெரிந்தது: உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரமும் கசடும் கலந்த வாயுவை ஓட்டியிருக்கிறார்கள். ஈரம் உள்ளிருந்து அரித்தது.

எஸ்எஸ்-25, யாகி, நகரம். மூன்றிலும் ஒரு வேலைக்குச் செய்ததை இன்னொரு வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அப்படி மாற்றிய நாளில் "இது இந்த வேலைக்குத் தாங்குமா?" என்று கேட்க வேண்டிய அதிகாரி ஒருவரும் கிணற்றடியில் இல்லை.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ராமகுப்பத்தின் கருங்கல்லில் எரிவாயு ஏற்ற நுண்துளைகள் இல்லை. அந்தக் கவலை வேண்டாம். குப்பம் பக்கத்துச் சிகரகுண்டாவில் பழைய தங்கச் சுரங்கம் இருக்கிறதே, அதில் வைக்கலாமே என்று யாராவது யோசித்தால், டென்வர் அருகே லேடன் நிலக்கரிச் சுரங்கத்தில் அதைச் செய்து பார்த்து, பக்கத்து நிலங்களுக்கு வாயு பரவியதாகப் புகார் எழுந்து, பிறகு மூடியே விட்டார்கள் என்பதைச் சொல்லலாம். ஆனால் வற்றிய எண்ணெய் வயல்களில் எரிவாயுவைச் சேமிக்கும் யோசனை தில்லியில் சில ஆண்டுகளாகவே பேச்சில் இருக்கிறது. நல்ல யோசனைதான்; இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டுக்குக் கையிருப்பு வேண்டும்.

அப்படி ஒரு வயல் அமைந்தால் அது யார் கையில்? எண்ணெய்க் கிணறாக இருக்கும்வரை அது சட்டப்படி சுரங்கம்; சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் பார்க்கும். குழாய் என்றால் ஒழுங்குமுறை வாரியம். அழுத்தக் கலன் என்றால் நாக்பூரில் இருக்கும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகம் தரங்களை எழுதும். நிரப்பத் தொடங்கிய மறுநாள் அந்தக் கிணறு சுரங்கமா, கிடங்கா? முதல் கன அடி வாயு இறங்குமுன் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். எண்ணெய்க்காக வாங்கிய அனுமதி அன்றோடு காலாவதியாகி, கேசிங்கை அடிவரை சோதித்த பிறகே புது அனுமதி என்று அந்தப் பதிலில் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் விசாகப்பட்டினம்: 60,000 டன் எல்பிஜியைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தாலேயே அடைத்து வைத்திருக்கும் பாறைக் குகை. அந்த வேலைக்கென்றே குடைந்தது.

(தொடரும்)