பாதிக் குழல், பாதி ஊர்

பொலிவியாவின் வடக்குப் பொட்டோசியில் மாச்சா என்றொரு மலையூர். மே 3 சிலுவைத் திருவிழாவையொட்டி, சுற்றுக் கிராமத்து மக்கள் சிலுவைகளைச் சுமந்து, குழலூதி ஆடியபடி அங்கே வந்து சேர்கிறார்கள். சிச்சா என்னும் மக்காச்சோளக் கள் கை மாறிக்கொண்டே இருக்கும். பிறகு அடிதடி. அதற்குப் பெயர் திங்கு.

ஒற்றைக்கு ஒற்றை மோதல். தலையில் மொன்டேரா என்ற தடித்த தோல் கவசம்; ஸ்பானியப் படையினரின் இரும்புத் தொப்பி போன்ற வடிவம். பெண்களும் பெண்களோடு மோதுவார்கள். சிந்தும் ரத்தம் பூமித்தாயான பச்சமாமாவுக்கு. அவள் குளிர்ந்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. உயிர் போனதும் உண்டு. அதனால் கண்ணீர்ப்புகைக் குண்டுகளோடு போலீசும் வந்து நிற்கிறது.

ரத்தக் காணிக்கை என்பதோடு பலரும் விளக்கத்தை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ பாதி விடை அவர்கள் ஊதிவரும் குழலில் இருப்பதாகப் படுகிறது. ஹுலாஹுலா எனப்படும் அந்த மூங்கில் வாத்தியம் இணையாகவே செய்யப்படுவது. ஒன்றில் 4 குழாய், மற்றதில் 3. ஒரு மெட்டின் சுரங்களை இரண்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் ஊதியாக வேண்டும். தனியே ஊதினால் பொக்கைவாய்ப் பேச்சாகத்தான் கேட்கும்.

மாச்சா சமூகமும் இப்படித்தான் மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிந்திருக்கிறது. ஆண்–பெண், வலம்–இடம், மேல்–கீழ் என எதையும் இணையாகவே பார்க்கும் இவர்களின் மனப்போக்கை 1970களில் மானுடவியலர் டிரிஸ்டன் பிளாட் விரிவாக ஆராய்ந்தார். எதிர்ப்பாதி இல்லாமல் தன் பாதிக்குப் பொருளில்லை. அந்த எதிர்ப்பாதியை அழிக்க யாரும் சண்டைக்கு வருவதில்லை. நில எல்லைத் தகராறுகளும் இதில் கலந்திருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெருவின் சும்பிவில்காஸில் கதை வேறு. அங்கே டிசம்பர் 25 அன்று தக்கனாக்குய் என்ற சண்டை நடக்கிறது. நிலம், ஆடுமாடு, காதல் என ஆண்டு முழுக்கச் சேர்ந்த வழக்குகள் அன்று கைகாலால் தீர்க்கப்படும். விழுந்தவரை அடிக்கக் கூடாது. மீறினால் நடுவரின் சாட்டை பேசும். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் கட்டித்தழுவிக்கொள்ள வேண்டும். முடிவு பிடிக்கவில்லையா, தோற்றவர் மறுசண்டை கேட்கலாம். மேல்முறையீட்டுக்கும் அதே களம்தான்.