வீட்டு இணையப் பெட்டியை வாங்குமுன் நாம் சிந்திக்க வேண்டியவை

தாயகத்து உறவுகளின் குரலைச் சில நிமிடங்கள் கேட்பதற்காகத் தொலைபேசி அட்டைகளை வாங்கிச் சுரண்டிய காலம் எம்மில் மூத்தோர் பலரின் நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை. இன்று சிட்னியின் வென்ற்வேர்த்வில்லிலும் மெல்பேர்ணின் டண்டினோங்கிலும் எம்மவர் வீடுகளின் மூலையொன்றில் இருக்கும் சிறு பெட்டி அந்த அட்டைகளின் பணியை ஏற்றுக்கொண்டுள்ளது. பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, சட்டத்தரணியின் கடிதம், விசா விண்ணப்பம் யாவும் அதனூடாகவே செல்கின்றன. ஆயினும் அதை வாங்கும்போது நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: என்ன விலை?

விலையை மட்டும் பார்த்தால் போதாது என்பதை இந்நாட்டு அரசாங்கத்தின் முடிவொன்றும் உணர்த்தியது. சீனாவின் ஹுவாவி நிறுவனத்தின் கருவிகள் விலை குறைந்தவை. ஒப்ரஸ், வொடபோன் வலையமைப்புகளிலும் அவை பயன்பட்டன. எனினும் 2012இல் தேசிய அகலப்பட்டை வலையமைப்புக்கான கேள்விப்பத்திரத்தில் அந்நிறுவனம் அனுமதிக்கப்படவில்லை. 2018 ஓகஸ்ட் 23 அன்று, அந்நிய அரசொன்றின் கட்டளைக்கு உட்படக்கூடிய விநியோகத்தரை ஐந்தாம் தலைமுறை வலையமைப்பில் ஏற்பதற்கில்லை என அரசாங்கம் அறிவித்தது. ஹுவாவி தன்மீதான ஐயங்களை மறுத்தது. அம்முடிவு சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஒரு கருவியை விற்றபின் அதனைக் கட்டுப்படுத்துபவர் யார், பராமரிப்பவர் யார் என்ற கேள்வி எமது வீட்டுக்கும் பொருந்தும்.

விலை

சில நிறுவனங்கள் மோடத்தை முற்பணமின்றித் தருகின்றன. குறித்த மாதங்கள் முடியுமுன் விலகினால் மீதித் தொகையை அறவிடுகின்றன. வாடகை வீடுகளை அடிக்கடி மாற்ற நேரும் எம்மவர் இதனைக் கையொப்பமிடுமுன் கேட்டறிதல் வேண்டும். புதிய முகவரியில் அதே சேவை கிடைக்குமா என்பதும் முக்கியம்.

பழைய கருவியை வாங்குவோர் மேலும் அவதானமாக இருத்தல் நன்று. ரெல்ஸ்ராவும் ஒப்ரஸும் மூன்றாம் தலைமுறைச் சேவையை 2024 ஒக்ரோபர் 28 முதல் நிறுத்தத் தொடங்கின. அச்சேவைக்கென மட்டும் ஆக்கப்பட்ட மோடம் பத்து டொலருக்குக் கிடைத்தாலும் அந்தப் பத்து டொலரும் வீணே.

தரம்

வீட்டுக்குள் அலைகள் சுவரிலும் தளபாடத்திலும் பட்டுத் தெறித்து, வெவ்வேறு நேரங்களில் வந்து ஒன்றோடொன்று குழம்புகின்றன. இக்குழப்பத்தைத் தீர்க்கும் வழியொன்றைக் கண்டவர்கள் இந்நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த ஜோன் ஓ'சலிவன் குழுவினர். வானொலி வானியலில் பெற்ற அனுபவமே அவர்களுக்குக் கைகொடுத்தது. 1996இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் உலக நிறுவனங்களிடமிருந்து 40 கோடி டொலருக்கும் அதிகமான தொகை கிடைத்தது.

ஆயினும் எந்தக் கருவியும் சுவரை முற்றாக வெல்வதில்லை. 2.4 கிகாஹேட்ஸ் அலை தூரம் செல்லும், வேகம் குறைவு; 5 கிகாஹேட்ஸ் அலை வேகமானது, செங்கற் சுவரில் தளர்ந்துவிடும். ஆதலால் விலையுயர்ந்த பெட்டியை நாடுமுன், உள்ளதை வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வைத்துப் பார்ப்பது நன்று. கைபேசிக் கோபுரத்திலிருந்து இணைப்புப் பெறும் மோடமாயின் யன்னலருகே வைப்பதே பொருத்தம். ஆர்.சி.எம். குறி இல்லாத கருவியைத் தவிர்த்துவிடுங்கள்.

பாதுகாப்பு

2014 பெப்ரவரியில் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் 9,000க்கும் மேற்பட்ட தஞ்சக் கோரிக்கையாளரின் விபரங்கள் தவறுதலாக வெளியாகின. வெளியே போன தகவலைத் திரும்ப அழைக்க முடியாது என்பதை எம் சமூகம் அன்று கண்டுகொண்டது. அத்தவறு எவருடைய வீட்டுப் பெட்டியாலும் நேர்ந்ததன்று. எனினும் ஊரில் உறவினரை விட்டுவந்த ஒருவருக்குத் தன் பத்திரங்கள் பிறர் கண்ணிற்படுவது எத்தகைய அச்சம் என்பதை நாம் அறிவோம். எம் கையிலுள்ள கதவையாவது நாம் பூட்டிவைக்க வேண்டாமா?

2017 ஒக்ரோபரில், கம்பியில்லா இணைப்புகளைக் காத்துவந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையில் ஓட்டை இருப்பதை பெல்ஜிய ஆய்வாளர் மத்தி வான்ஹோஃப் வெளிப்படுத்தினார். நிறுவனங்கள் திருத்தம் வழங்கின. தயாரிப்பாளரால் கைவிடப்பட்ட பழைய கருவிகளுக்கு அது கிடைக்கவில்லை. மலிவின் உண்மை விலை இங்குதான் வெளிப்படுகின்றது. எனவே எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் வரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதனை உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும் எனவும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லை இடலாகாது எனவும், 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிகள் கூறுகின்றன. அவை 2026 மார்ச் 4 முதல் நடைமுறைக்குரியவை.

பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுங்கள். பலர் கூடி வாழும் வீட்டில் ஒருவர் விலகிச் சென்றதும் மீண்டும் மாற்றுங்கள். விருந்தினருக்கெனத் தனி இணைப்பு இருப்பின் வருவோர்க்கு அதனையே கொடுங்கள்.

வாங்கிய கருவி பழுதெனில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற பலகை கண்டு மனம் தளரவேண்டாம். பழுதான பொருளுக்கு அப்பலகை செல்லாது. சேவை நிறுவனத்துடன் பிணக்கெனில் தொலைத்தொடர்புக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆங்கிலம் தடையெனில் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நாடலாம். வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போது விலையை மட்டும் நாம் பார்ப்பதில்லை. இந்தப் பெட்டியும் ஒரு பூட்டே.