பதிலீட்டுத் தாளை இனங்காணல்

நாணயத் தாள் சேகரிக்கத் தொடங்கும் மாணவர் தாளின் ஓவியத்தையும் ஆண்டையும் உற்று நோக்குவர். தொடரிலக்கத்தை நோக்குவார் மிகச் சிலரே. நாமும் அவ்வாறே இருந்தோம். பல்லாண்டுகளின் முன் உறவினர் ஒருவர் தந்த அமெரிக்க ஒரு டொலர்த் தாளின் இலக்க முடிவில் சிறு நட்சத்திரம் ஒன்று காணப்பட்டது. அச்சுப் பிழையெனக் கருதி அதனை மாற்றிச் செலவு செய்துவிட்டோம். அது பிழையுற்ற தாளன்று, பிழையுற்ற தாளொன்றின் இடத்தை நிரப்ப வந்த நல்ல தாள் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அச்சகத்திலே தொடரிலக்கம் பொறித்த பின்னர், சில தாள்களில் மை படர்ந்திருப்பதையோ வெட்டுப் பிசகியிருப்பதையோ சோதனையாளர் காண்கின்றனர். அத்தாளை நீக்கினாற் கட்டில் ஒன்று குறையும். அதே இலக்கத்தை மீண்டும் பொறிப்பதற்கோ காலமும் செலவும் மிகுதி. ஆதலால் தனியாக இலக்கமிட்டு வைத்த தாளொன்றை அவ்விடத்திற் செருகிவிடுவர்.

அமெரிக்க பெடரல் ரிசர்வ் தாள்களில் நட்சத்திரம் ஈற்றெழுத்தின் இடத்தில் நிற்கும். பழைய சிறு வடிவ வெள்ளிச் சான்றுத் தாள்களிலோ முதலெழுத்தின் இடத்தில் நிற்கும். ஒரு விநோதமும் உண்டு. இலக்கப் பொறி எட்டு இலக்கங்களையே பொறிக்க வல்லதாகலின், பத்துக் கோடியாவது தாளின் இடத்திலும் நட்சத்திரத் தாளே வைக்கப்பட்டது.

இந்தியாவில் நீக்கிய தாளின் இலக்கத்தையே புதிய தாளிலும் பொறிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2006ஆம் ஆண்டிலேதான் ரிசர்வ் வங்கி 10, 20, 50 ரூபாய்த் தாள்களில் நட்சத்திரத்தைப் புகுத்தியது. அங்கு அது முன்னெழுத்துகளுக்கும் எண்ணுக்கும் இடையில் அமையும். 2023இல் இத்தகைய தாள்கள் போலியானவை என வதந்தி பரவியபோது, அவை செல்லுபடியானவையே என வங்கி விளக்கமளிக்க நேர்ந்தது. நாம் செய்த பிழையை அயல்நாட்டாரும் செய்தனர் போலும்!

வேறு சில நாடுகளில் நட்சத்திரம் இல்லை. 'இசட்' எழுத்தில் தொடங்கும் இலக்கமே அடையாளம். எனினும் சாதாரண வரிசையும் அவ்வெழுத்தை எட்டக்கூடும். ஆதலின் அந்நாட்டுத் தாள்களின் விபரப்பட்டியலைப் பாராது முடிவு செய்தலாகாது.

விலையைக் குறித்தும் ஒரு சொல். அண்மைக்கால அமெரிக்க நட்சத்திரத் தாள்கள் இலட்சக்கணக்கில் அச்சாகின்றன. அவற்றுள் மடிந்து கசங்கியவற்றுக்கு முகப்பெறுமதிக்கு மேற் கொடுப்பது வீண். சிறு தொகையாக அச்சிட்ட வரிசையைச் சேர்ந்த, மடிப்பற்ற தாளுக்கே மதிப்புண்டு. நாம் கைவிட்ட தாள் இவற்றுள் எவ்வகையினதோ? இலக்கத்தைக் குறித்து வைத்திருந்தாலன்றோ சொல்லலாம்!