வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு பிரயாணம்

ஊருக்குப் புறப்படுகிற நாளில் நம் வீடுகளில் நடக்கிற அமர்க்களத்தை நான் உங்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. "வீட்டையே தூக்கிக்கொண்டு வரப் போகிறாயா?" என்று வீட்டுக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுப்பார். நாமும் காதில் விழாததுபோல, ஊறுகாய் பாட்டிலை இன்னொரு துணியில் சுற்றிப் பையில் வைப்போம். ஆனால் நேயர்களே, வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, குளிக்கிற அறை எல்லாம் சக்கரத்தின் மேல் அமைந்திருக்க, முன்னால் ஒரு வண்டி இழுக்க, பின்னால் வீடு வருகிறது!

என் பெரியம்மா மகளான அக்காளின் பெண் டெக்ஸாஸில் குடியிருக்கிறாள். சென்ற ஆடி மாதம் அவளும் மாப்பிள்ளையும் மதுரைக்கு வந்தபோது, வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட இரண்டு விலைப் பட்டியல்களைக் கையோடு கொண்டுவந்தார்கள். அடுத்த கோடையில் அக்காள் அங்கே போய் ஆறு மாதம் தங்கப் போகிறாள். அவளை ஊர் ஊராக அழைத்துச் சென்று காட்ட இப்படி ஒரு வீடு வாங்க வேண்டுமென்று திட்டம். 'டிராவல் டிரெய்லர்' என்பது ஒரு ரகம். 'ஃபிப்த் வீல்', அதாவது 'ஐந்தாம் சக்கரம்' என்பது இன்னொரு ரகம்.

"சித்தி, நீங்கள் பத்திரிகைக்காரி. நாலு இடத்தில் விசாரித்து எழுதுகிறவர். எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றாள் பெண்.

எனக்குத் தெரிந்த வண்டியெல்லாம் டவுன் பஸ்தான். ஆனாலும் கேட்டுவிட்டாளே என்று விசாரித்தேன், படித்தேன். தீர்ப்பு மட்டும் மேகமலைப் பாதையில்தான் கிடைத்தது. கொடுத்தவள் அக்காள்.

முன்பாரமும் பின்பாரமும்

ஒரு விடியற்காலையில் மதுரையிலிருந்து வாடகை வேனில் கிளம்பினோம். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினதும் காற்று ஆரம்பித்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கம்பம் கணவாயின் வழியே தென்மேற்குக் காற்று பாய்ந்து வருகிற சீமை அது. காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. வேனே ஒரு பக்கமாகத் தள்ளாடியது.

"இந்தக் காற்றில் பின்னால் ஒரு வீடும் கட்டியிருந்தால் என்ன ஆகும்?" என்று நான் கேட்டேன். மாப்பிள்ளைக்குப் பிடித்த விஷயம், உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

டிராவல் டிரெய்லரை இழுக்கிற வண்டியின் பின் முனையில் ஓர் இரும்புக் குமிழில் மாட்டுகிறார்கள். பக்கவாட்டுக் காற்றடித்தாலும், பெரிய லாரி ஒன்று உராய்வதுபோல் கடந்து சென்றாலும், வீடு வாலாட்ட ஆரம்பிக்கும். வாலாட்டம் மிஞ்சினால் முன்வண்டியையும் சேர்த்து இழுத்துவிடும். இதைத் தடுக்க, வீட்டின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு அந்தக் குமிழின் மேல் உட்கார வேண்டும். 2,500 கிலோ வீடானால் 250 முதல் 375 கிலோ. அதற்குக் குறைந்தால் ஆபத்து.

"இதற்கா இவ்வளவு கணக்கு?" என்றாள் அதுவரை பேசாமல் வந்த அக்காள். "தாத்தாவின் கூண்டு வண்டியில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருவோமே, அப்போது அவர் பார்ப்பாரே, முன்பாரம், பின்பாரம் என்று! பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும், வண்டி நிலைகொள்ளாது. எங்களை முன்னே தள்ளி உட்காரச் சொல்லுவார். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். அளவாக இருக்க வேண்டும். அவ்வளவுதானே?"

அவ்வளவேதான். மாப்பிள்ளை ஸ்டியரிங் பிடித்திருந்த டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தலையை ஆட்டினார்.

ஐந்தாவது சக்கரம் எங்கே?

இனி மற்ற ரகம். பழைய காலத்துக் குதிரைக் கோச்சு வண்டிகளில், முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுக்கைவாட்டில் ஒரு இரும்பு வளையம் வைத்திருப்பார்கள். ஓடுகிற சக்கரம் நான்கு, ஓடாத இந்தச் சக்கரம் ஐந்தாவது. அந்தப் பெயரே இன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. துறைமுகச் சாலைகளில் நீங்கள் பார்க்கிற கன்டெய்னர் லாரியில், முன்வண்டியின் முதுகில் ஒரு தட்டு இருக்கிறதல்லவா, பின்பெட்டி அதன் மேல்தானே ஏறி உட்கார்ந்திருக்கிறது? அதே ஏற்பாடுதான் ஃபிப்த் வீல் வீட்டுக்கும். பிக்கப் லாரியின் திறந்த பின்தட்டில், பின் அச்சுக்கு நேர் மேலே, வீட்டின் மூக்கு ஏறி அமர்கிறது.

நம் நாட்டு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமும் இந்த வேற்றுமையை அறிந்திருக்கிறது. வெறுமனே இழுத்துச் செல்லப்படுவது 'டிரெய்லர்'. தன் உடம்பில் ஒரு பகுதியை முன்வண்டியின் மேல் ஏற்றி, எடையிலும் ஒரு பங்கை அதன்மேல் சுமத்துவது 'செமி டிரெய்லர்'.

பாரம் அச்சின் மேலேயே அமர்வதால் ஃபிப்த் வீல் காற்றில் அதிகம் வாலாட்டாது. நீண்ட நெடுஞ்சாலையில் நிதானமாக வரும். உள்ளே இடமும் தாராளம், கூரையும் உயரம். அதில் மாதக்கணக்கில் குடியிருக்கிறவர்களே உண்டு.

ஆனால் அதற்குப் பிக்கப் லாரிதான் வேண்டும், சாதாரணக் கார் இழுக்காது. முன்பாரமும் அதிகம். எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு லாரியின் முதுகில் ஏறும். 5,000 கிலோ வீடானால் 750 முதல் 1,250 கிலோ! லாரி எவ்வளவு சுமக்கலாம் என்பதை அமெரிக்காவில் டிரைவர் கதவோரம் ஒரு சீட்டில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உள்ளே உட்காருகிற மனிதர்களும் மூட்டை முடிச்சுகளும் அடக்கம். "இத்தனை டன் இழுக்கும்" என்று கடைக்காரர் சொல்வது ஒரு கணக்கு, "இத்தனை கிலோ சுமக்கும்" என்பது வேறு கணக்கு. முதலாவதைக் கேட்டு மயங்கி, இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறவர்கள் அநேகம்.

பதினெட்டு வளைவுகள்

சின்னமனூரில் இறங்கிக் காப்பி குடித்தோம். அக்காள் வேண்டாமென்றுவிட்டாள். "தண்ணீராவது குடியேன்" என்றேன். தலையசைத்தாள். மதுரையிலிருந்து அவள் வாயில் ஒரு சொட்டு ஜலம் படவில்லை என்பது அப்போதுதான் என் மனத்தில் பட்டது.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பாதை ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் பதினெட்டு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே போகப் போகத் தேயிலைத் தோட்டங்களும், மேகம் தவழும் ஏரிகளும், ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று பெயர்களே குளிர்ச்சியாக இருக்கின்றன. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட காடு இது. சோதனைச் சாவடியில் நிறுத்திப் பதிந்துகொண்டுதான் மேலே விடுகிறார்கள்.

ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. எங்கள் வேன் ஒதுங்கி நின்றது. பஸ்ஸின் முன்சக்கரம் சாலையின் வெளி விளிம்பைத் தொட்டுக்கொண்டு திரும்ப, பின்சக்கரமோ உட்பக்கத்துக் கல்லை உரசிக்கொண்டு வந்தது. நீண்ட வண்டி எதுவானாலும் திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டும். இரண்டு இழுவை வீடுகளில் ஃபிப்த் வீல் இன்னும் அதிகமாக உள்ளே வெட்டும். போதாக்குறைக்கு அதன் உயரம் பன்னிரண்டு, பதின்மூன்று அடி, தாழ்ந்த மரக்கிளை ஒவ்வொன்றும் சத்துரு!

"இரண்டுமே இங்கே ஏறாது, மாமி!" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

இது மேகமலைக்கு மட்டும் நேர்ந்த குறையல்ல. அவர்களுடைய டெக்ஸாஸிலேயே பிக் பெண்ட் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே சிஸோஸ் மலைப் பள்ளத்துக்குப் போகிற பாதையில் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லர்கள் வர வேண்டாமென்று பூங்கா நிர்வாகத்தார் அறிவுறுத்துகிறார்கள். காரணம் அதே வளைவும் அதே ஏற்றமும்தான். ஆகவே கெட்டிக்காரர்கள் வீட்டைச் சமவெளியில் கழற்றி நிறுத்திவிட்டு, இழுத்து வந்த வண்டியில் மட்டும் மலையேறுகிறார்கள். கழற்றுவதும் மாட்டுவதும் இரண்டு ரகத்திலும் முடியும். பெரிய வீட்டைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவதற்கு ஃபிப்த் வீலே எளிது என்று பழகியவர்கள் சொல்கிறார்கள்.

இப்படியாக, மலையுச்சியை அடையும்போது கட்சி சரிசமமாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும் ஃபிப்த் வீல் பக்கம் ஓர் அங்குலம் சாய்ந்திருந்தார்.

அக்காள் சொன்னது

மேலே விடுதி அறைக்குள் போனதும் அக்காள் முதலில் தேடியது ஜன்னலையல்ல, மேகத்தையல்ல. வெளியே வந்த பிறகு ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, வழியெல்லாம் தாகமாகவா இருந்தது?"

"பின்னே? குடித்துவிட்டு நடுவழியில் மாப்பிள்ளையிடம் வண்டியை நிறுத்தச் சொல்லவா?"

சகோதரிகளே, இந்த வார்த்தையை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நம் அம்மா சொல்லியிருக்கிறாள், அத்தை சொல்லியிருக்கிறாள். ஆண்களுக்குப் பிரயாணம் என்றால் பாதை. நமக்குப் பிரயாணம் என்றால், அடுத்த சுத்தமான கழிப்பறை எங்கே என்கிற கவலை. அக்காளுக்குச் சர்க்கரை வியாதி வேறு. தண்ணீரை அடக்குவதும் மற்றதை அடக்குவதும் அவளுக்கு எவ்வளவு கெடுதல் என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை.

அன்றிரவு விலைப் பட்டியலை அக்காளின் மடியில் விரித்து வைத்தாள் பெண். ஃபிப்த் வீல் படத்தை அக்காள் வெகு நேரம் பார்த்தாள்.

"வெகு அழகாக இருக்கிறது. இந்தப் படுக்கையறை ஏன் மேலே இருக்கிறது?"

லாரியின் முதுகில் ஏறுகிற மூக்குப் பகுதிதான் பெரும்பாலும் படுக்கையறை. அதற்குப் போக வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று படிகள் ஏற வேண்டும்.

"ராத்திரி மூன்று தரம் எழுந்திருக்கிறவள் நான். முழங்காலோ இந்த அழகு. இருட்டில் படியிறங்கச் சொல்கிறாயா?"

நாங்கள் எடையைக் கணக்கிட்டோம், நீளத்தை அளந்தோம், காற்றையும் கணக்கில் சேர்த்தோம். அக்காளின் முழங்காலைச் சேர்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை! டிராவல் டிரெய்லரில் தரை ஒரே மட்டம். கட்டிலிலிருந்து நாலு எட்டில் கழிப்பறை. வாசல் படி மட்டுந்தான் ஏற வேண்டும். மாப்பிள்ளை பேசாமல் ஃபிப்த் வீல் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். சிறிய டிராவல் டிரெய்லரே போதும் என்று முடிவாயிற்று. அதுவானால் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற வண்டியே இழுக்கும்.

ஒன்று மட்டும் நான் எச்சரித்தேன். ஓடுகிற இழுவை வீட்டுக்குள் ஆள் உட்காருவது ஆபத்து. அமெரிக்காவில் இதற்கான சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது. ஆனால் விபத்து சட்டத்தைக் கேட்டு வருவதில்லை. ஆகவே வண்டியை நிறுத்தித்தான் அக்காள் உள்ளே போக வேண்டும். "இரண்டு மணிக்கு ஒரு தரம், யாரும் கேட்காமலே நிறுத்துவேன்" என்றார் மாப்பிள்ளை.

உங்களுக்கும் யோசனை இருந்தால்

வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். பெரிய பிக்கப் லாரி இருந்து, மாதக்கணக்கில் தங்குவதாக இருந்து, படியேறும் கால்களும் இருந்தால் ஃபிப்த் வீல் சிலாக்கியமே. விடுமுறைக்கு மட்டும் போகிறவர்களுக்கும், வயதானவர்களையோ கைக்குழந்தையையோ அழைத்துப் போகிறவர்களுக்கும் அளவான டிராவல் டிரெய்லர்.

வாங்குமுன் கடையிலேயே உள்ளே போய்க் கட்டிலில் படுத்துப் பாருங்கள். அடுப்பின் முன் நின்று, கழிப்பறைக் கதவைச் சாத்தி உட்கார்ந்து பாருங்கள். தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் ஊரில்? இழுவை வீட்டுக்குத் தனிப் பதிவு வேண்டும், நிறுத்த இடமும் வேண்டும். கேரள அரசு 2021-ல் காரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்து, 2022-ல் இடுக்கி ஜில்லாவின் வாகமனில் முதல் காரவன் பூங்காவும் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்குக்கு மலையின் அந்தப் பக்கம்தான். அங்கே பெரும்பாலும் எஞ்சினும் வீடும் ஒன்றாயமைந்த வண்டிகளே ஓடுகின்றன. நம் சாலைகளுக்கு அதுவே உசிதம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேகமலைக்கானால் அதையும் சின்னமனூரில் நிறுத்திவிட்டு, பஸ்ஸிலோ ஜீப்பிலோ ஏறுங்கள்.

எந்த வண்டியானாலும், விலையைக் கேட்பதற்கு முன்னால் வீட்டிலுள்ள பெரியவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எதில் போனால் உனக்குத் தைரியமாகத் தண்ணீர் குடிக்கத் தோன்றும்?"

திரும்பும்போது ஆண்டிபட்டி தாண்டியதும் வேன் தானாக நின்றது. மாப்பிள்ளைதான் நிறுத்தச் சொல்லியிருந்தார். ஒரு நல்ல ஓட்டல், சுத்தமான இடம். அக்காள் இறங்கிப் போய்விட்டு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படியாக, "எனக்கு ஒரு காப்பி" என்றாள்.