பழைய ஸ்விட்சும் புதிய ஸ்விட்சும்

2002-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் கணிப்பொறி வலையமைப்பு நிலைகுலைந்தது. ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தில் எழுதியே வேலை செய்ய வேண்டியதாயிற்று. காரணம் என்ன? அங்கே ஸ்விட்சுகள் அளவுக்கு மீறி நீளமாகத் தொடுக்கப்பட்டிருந்தன. அதனால், வளையங்களைத் தடுக்க வேண்டிய விதிமுறை தன் கடமையைச் செய்ய இயலாமற்போயிற்று.

வளையம் என்றால் என்ன? மாணவ நண்பர்களே, ஒரு தாளில் மூன்று புள்ளிகள் இட்டு, அவற்றை முக்கோணமாக இணையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஈதர்நெட் ஸ்விட்ச் என்று கொள்வோம். எல்லோருக்கும் உரிய செய்தி ஒன்று வந்தால், ஸ்விட்ச் அது வந்த வழியைத் தவிர மற்ற எல்லா வழிகளிலும் அதை அனுப்பும். அடுத்ததும் அவ்வாறே செய்யும். ஈதர்நெட் செய்தியில் "இத்தனை தாவல்களுக்குப் பின் அழிந்துவிடு" என்ற குறிப்பு ஏதும் இல்லை. எனவே அது முக்கோணத்தில் ஓயாமல் சுற்றும். இத்தகைய செய்திகள் குவியக் குவிய, வலையமைப்பே திணறிவிடும்.

அப்படியானால் உபரிக் கம்பியை எடுத்துவிடலாமே என்கிறீர்களா? எடுத்தால், மற்றொரு கம்பி அறுபடும்போது மாற்று வழி இராது. இந்தச் சிக்கலை 1985-இல் தீர்த்தவர் ராடியா பெர்ல்மன் என்ற பெண் அறிஞர். ஸ்விட்சுகள் 2 விநாடிக்கு ஒரு முறை சிறு அறிவிப்புகளை அனுப்பிக்கொள்ளும். மிகச் சிறிய அடையாள எண்ணுடையது தலைமை ஏற்கும். அதிலிருந்து கிளைவிடும் மரமாக வழிகள் அமையும்; மரத்தில் சேராத கம்பிகள் மூடிவைக்கப்படும். இதுவே ஸ்பேனிங் ட்ரீ விதிமுறை. 1990-இல் இது 802.1டி என்ற தரமாக வெளிவந்தது.

இதில் ஒரு குறை உண்டு. ஒரு வழி கெட்டால், அதை உறுதிசெய்ய 20 விநாடி, அடுத்த இரு நிலைகளுக்குத் தலா 15 விநாடி என, மாற்று வழி திறக்க 50 விநாடிவரை ஆகலாம். ஆகவே 2001-இல் விரைவு ஸ்பேனிங் ட்ரீ உருவாயிற்று. இதில் அண்டை ஸ்விட்சுகள் கேட்டுப் பதில் பெற்று உடன்படுவதால், பெரும்பாலும் சில விநாடிகளுக்குள் வேலை முடிந்துவிடும்.

சரி, பழையதையும் புதியதையும் ஒரே கம்பியில் இணைத்தால்? பழைய ஸ்விட்சுக்குப் புதிய அறிவிப்பு புரியாது, அதைத் தள்ளிவிடும். ஆனால் புதியதற்கு இரு மொழியும் தெரியும்! ஒவ்வோர் அறிவிப்பிலும் பதிப்பு எண் இருக்கிறது: பழையதில் 0, புதியதில் 2. புதியது முதல் 3 விநாடி தன் மொழியிலேயே பேசிப் பார்க்கும். அதன்பின் 0 எண்ணுடைய அறிவிப்பு வந்தால், அந்த ஒரு வாயிலில் மட்டும் பழைய மொழிக்கு மாறிக்கொள்ளும். மற்ற வாயில்களில் புதிய மொழியே தொடரும்.

இந்த விட்டுக்கொடுப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த வாயிலில் விரைவு உடன்பாடு நடைபெறாது; பழைய காத்திருப்பே நேரும். இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு ஹப்பின் வழியே பல ஸ்விட்சுகள் இணைந்திருக்கையில், பழையதை மட்டும் அகற்றினால், அது போய்விட்டதைப் புதியது தானாக அறியாது. பொறுப்பாளர் கட்டளையிடும்வரை அந்த வாயிலில் பழைய மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கும்!

நெடுங்காலம் உழைக்கும் கருவிகளை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. எனவே புதிய விதி எழுதுவோர் பழையதையும் மனத்தில் கொண்டே எழுத வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. நான்கு புள்ளிகள் இட்டு, ஒவ்வொன்றையும் மற்ற மூன்றோடும் இணையுங்கள். மொத்தம் 6 கோடுகள் வரும். எந்தப் புள்ளியும் தனித்துவிடாமல், வளையமும் இல்லாமல் இருக்க, எத்தனை கோடுகளை மூட வேண்டும்? ஐந்து புள்ளிகளானால்? வரைந்து பாருங்கள், பொது விதி ஒன்று உங்களுக்கே புலப்படும்.