வளர்ந்த பூனைக்குக் குட்டிகளை அறிமுகப்படுத்தல்

வளர்ந்த பூனைக்குக் குட்டிகளை அறிமுகப்படுத்தல் என்பது, ஏற்கனவே ஒரு பூனை வாழும் வீட்டில், தெருவிலிருந்தோ கைவிடப்பட்ட இடங்களிலிருந்தோ மீட்கப்பட்ட பூனைக்குட்டிகளைப் படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளும் செயன்முறையைக் குறிக்கும். வீட்டிலுள்ள பூனை பிற பூனைகளைத் தாக்கும் இயல்புடையதாயின் இச்செயன்முறை பல வாரங்களும், சில வேளைகளில் பல மாதங்களும் எடுக்கக்கூடும். ஐந்து வார வயதுடைய குட்டியின் நிறை ஏறத்தாழ அரைக் கிலோகிராம் மட்டுமே. நான்கைந்து கிலோகிராம் நிறையுள்ள பூனை அதனை ஒருமுறை கவ்வி உதறினாலே குட்டி இறந்துவிடலாம். அவசரமாக நடத்தப்பட்ட அறிமுகத்தின் பின்னர் வீட்டின் அமைதி குலைந்து, பல ஆண்டுகள் வளர்த்த பூனையையே வெளியேற்றும் நிலைக்குச் சில குடும்பங்கள் தள்ளப்படுவதும் உண்டு.

பின்னணி

வீட்டுப் பூனை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் பெலிசு லிபிக்கா என்னும் காட்டுப் பூனையிலிருந்து தோன்றியதாகும். சைப்பிரசுத் தீவில் மனிதன் ஒருவனுக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த, ஏறத்தாழ 9500 ஆண்டுகள் பழைமையான பூனையின் எலும்புக்கூடு பற்றிய செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியானது. மனிதருடனான உறவு இவ்வளவு தொன்மையானதாயினும், பூனை தன் மூதாதையைப் போலவே இன்றும் தனித்து வேட்டையாடும் விலங்காகவே உள்ளது. எலி, பல்லி, சிறு பறவை போன்ற இரைகள் ஒரு பூனைக்கு மட்டுமே போதுமானவை. நாய்களைப் போலக் கூட்டமாக வேட்டையாடவேண்டிய தேவை இல்லாததால், அந்நியப் பூனையின் வரவு அதற்கு உதவியாக அன்றி இரைக்கான போட்டியாகவே அமைகின்றது.

இதனைக் கொண்டு பூனை முழுமையாகத் தனிமை விரும்பும் விலங்கு எனக் கூறிவிட முடியாது. உணவு தாராளமாகக் கிடைக்கும் பண்ணைகள், மீன் சந்தைகள், துறைமுகங்கள் போன்ற இடங்களில் தாய், மகள், சகோதரி என உறவுமுறையுள்ள பெட்டைப் பூனைகள் கூட்டமாக வாழ்கின்றன. அவை ஒன்றின் குட்டிகளுக்கு மற்றொன்று பாலூட்டுவதும் உண்டு. ஆயினும், அதே கூட்டம் புதிதாக வரும் பூனையைத் துரத்திவிடும். எனவே, குட்டிகள் சிறியவை என்பதால் வீட்டுப் பூனை இரக்கம் கொள்ளும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை இல்லை.

கூட்டத்தைச் சேர்ந்தது எது, அந்நியம் எது என்பதைப் பூனை பெரும்பாலும் மணத்தைக் கொண்டே அறிகின்றது. ஒன்றாக வாழும் பூனைகள் கன்னத்தையும் விலாவையும் ஒன்றோடொன்று உரசிப் பொதுவான மணம் ஒன்றை உருவாக்கிக் கொள்கின்றன. விலங்கு மருத்துவமனைக்குச் சென்று திரும்பிய பூனையை, அதனுடன் பல ஆண்டுகள் வாழ்ந்த மற்றப் பூனையே சீறித் தாக்குவதற்கு இம்மணம் மாறிவிடுவதே காரணம்.

தாக்குதலுக்கான காரணங்கள்

தன் எல்லையைக் காத்தல், அச்சம், வலி ஆகியவை முக்கிய காரணங்களாகும். திசைமாறிய தாக்குதல் எனப்படும் ஒரு வகையும் உண்டு. சன்னலுக்கு வெளியே தெருக் கடுவன் ஒன்றைக் கண்டு கொதிப்படைந்த பூனை, அதனை எட்ட முடியாத நிலையில் அருகிலுள்ள குட்டியையோ வளர்ப்பவரின் காலையோ கடிக்கின்றது. இவ்வாறான கொதிப்பு அடங்கப் பல மணி நேரம் ஆகலாம்.

வலியால் ஏற்படும் கோபத்தைப் பலர் கவனிப்பதில்லை. பல்நோய், மூட்டு அழற்சி, முதிய பூனைகளில் தைராயிடு மிகைச்சுரப்பு ஆகியவை பூனையைச் சினங்கொள்ளச் செய்யும். முன்னர் அமைதியாக இருந்த பூனை அண்மையில் மூர்க்கமாக மாறியிருப்பின், குட்டிகளை வீட்டினுள் கொண்டுவரும் முன்னர் அதனை மருத்துவரிடம் காட்டுவதே முறை. கருத்தடை செய்யப்படாத கடுவன் பூனைகள் தமக்குப் பிறக்காத குட்டிகளைக் கொல்லக்கூடும். ஆகையால் வீட்டிலுள்ளது அத்தகைய கடுவனாயின் முதலில் அதற்கு அறுவை செய்வித்து, இயக்குநீர்கள் குறையச் சில வாரங்கள் காத்திருத்தல் நன்று.

தனிமைப்படுத்தல்

தெருவில் தனித்துக் காணப்படும் குட்டிகள் யாவும் கைவிடப்பட்டவை அல்ல. தாய் இரை தேடச் சென்றிருக்கலாம் என்பதால், உடனடி ஆபத்து இல்லாதவிடத்து சில மணி நேரம் தொலைவிலிருந்து கவனித்த பின்னரே அவற்றை எடுப்பது பொருத்தமானது. எடுத்த குட்டிகளுக்கு நம் வீடுகளில் வழக்கமாக வைக்கப்படும் பசும்பால் ஏற்றதன்று. அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

மீட்கப்பட்ட குட்டிகளைக் குறைந்தது இரண்டு வாரங்களாவது கதவுள்ள தனி அறையில் வைத்திருக்க வேண்டும். இதன் முதன்மையான நோக்கம் நோய்த் தடுப்பாகும். பான்லியுகோபீனியா எனப்படும் பூனைப் பார்வோவைரசு நோய், தடுப்பூசி பெறாத குட்டிகளைச் சில நாட்களிலேயே கொல்ல வல்லது. தொற்றிய இரண்டு முதல் பத்து நாட்களுள் நோயின் அறிகுறிகள் தோன்றும். இவ்வைரசு தரையிலும் துணியிலும் ஓராண்டு வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. சோப்பு நீரால் அழியாது. நீர்த்த வெளுப்புக் கரைசலால் அழியும். தரை துடைக்கப் பயன்படும் பினாயில் வகைக் கரைசல்களைப் பூனை உள்ள வீடுகளில் தவிர்க்க வேண்டும். பீனால் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், பாதத்தை நக்கும்போது உட்செல்லும் சிறு அளவும் அதற்கு நஞ்சாகலாம்.

சுவாசத் தொற்றுகள், படர்தாமரை, தெள்ளு, உருளைப்புழு ஆகியனவும் குட்டிகளுடன் வரலாம். இவை தவிர இரண்டு வைரசுகளுக்கான பரிசோதனை முக்கியமானது. 1964இல் இசுக்காட்லாந்தில் கண்டறியப்பட்ட பூனை இரத்தப் புற்று வைரசு எச்சிலாலும், ஒரே பாத்திரத்தில் உண்பதாலும், ஒன்றையொன்று நக்குவதாலும் பரவுகின்றது. 1986இல் கலிபோர்னியாவில் பிரித்தறியப்பட்ட பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரசு பெரும்பாலும் ஆழமான கடியாலேயே பரவுகின்றது. கடிக்கும் பூனை உள்ள வீட்டில் இரண்டாவதன் ஆபத்து கூடுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் குட்டியின் உடலில் இருக்கும் என்பதால், ஆறு மாதங்களுக்கு முன் செய்யப்படும் இப்பரிசோதனை தவறாகத் தொற்று இருப்பதாகக் காட்டலாம். அத்தகைய குட்டியை உடனே ஒதுக்கிவிடாது, பின்னர் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

தனி அறைக் காலம் குட்டிகளை மனிதருக்குப் பழக்கவும் பயன்படுகின்றது. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் கார்ச் 1980களில் வெளியிட்ட ஆய்வுகள், குட்டிகள் மனிதரை எளிதில் ஏற்றுக்கொள்ளும் பருவம் இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடைப்பட்டது எனக் காட்டின. இப்பருவம் கடந்த தெருக்குட்டியையும் பழக்கலாம், ஆனால் பொறுமை மிக வேண்டும்.

மணத்தைப் பரிமாறல்

பூனைகள் ஒன்றையொன்று பார்ப்பதற்கு முன்னரே மணத்தால் அறிமுகமாக வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படையாகும். குட்டிகளின் கன்னத்தைத் துடைத்த துணியை வளர்ந்த பூனை உலாவும் இடத்திலும், அதன் படுக்கைத் துணியைக் குட்டிகளின் அறையிலும் வைப்பர். துணியை உணவுக் கிண்ணத்துக்கு மிக அருகில் முதலிலேயே வைத்தல் தவறு. பூனை உணவையே வெறுக்கக்கூடும். தொலைவில் வைத்து, அது சீறாமல் முகர்ந்து கடந்து செல்லும் நிலை வந்த பின்னர் சிறிது சிறிதாக நெருக்கலாம்.

அடுத்த கட்டமாக, மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு வைக்கப்படும். கதவிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் தொடங்கி நாளுக்கு நாள் நெருங்கி வருவர். கதவுக்கப்பால் குட்டிகள் இருப்பது தெரிந்தும் பூனை அமைதியாக உண்ணுமானால், புதிய மணமும் சுவையான உணவும் அதன் மனத்தில் இணையத் தொடங்கிவிட்டன எனலாம். உண்ணாமல் கதவையே வெறித்து நோக்குமாயின் முந்தைய தொலைவுக்குத் திரும்ப வேண்டும். இதனுடன், நாள்தோறும் ஒரு மணி நேரம் குட்டிகளை வீட்டில் உலாவவிட்டு, பூனையை அவற்றின் அறைக்குள் விடும் இடமாற்ற முறையும் கையாளப்படுகின்றது. நோய் இல்லை என உறுதியான பின்னரே பொருட்களையும் இடத்தையும் இவ்வாறு மாற்றலாம்.

பார்வையும் சந்திப்பும்

கம்பிவலைக் கதவு, குழந்தைகளுக்கான தடுப்பு, கூண்டு ஆகியவற்றின் ஊடாக முதற் பார்வை நிகழ வேண்டும். கூண்டைப் பயன்படுத்தின் அதில் குட்டிகள் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி இருத்தல் அவசியம். தப்ப வழியின்றி அச்சத்தில் ஒடுங்கும் குட்டிக்குக் கூண்டு பாதுகாப்பாக அமையாது. தொடக்கத்தில் ஓரிரு நிமிடங்களே போதுமானவை. பூனை நிதானமாக இருக்கும்போதே சந்திப்பை முடித்துவிடுவது சிறந்தது.

"அடித்துக்கொண்டு தாமே சரியாகிவிடும்" என்பது பரவலாகக் கூறப்படும் அறிவுரை. இது தவறானது. ஐக்கிய அமெரிக்காவில் காப்பகத்திலிருந்து பூனைகளைத் தத்தெடுத்தவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ அரைவாசிப் பேர் தொடக்கத்தில் சண்டை நிகழ்ந்ததாகத் தெரிவித்தனர். முதற் சந்திப்பு எவ்வாறு அமைந்தது என்பதற்கும், பின்னாளில் சண்டை தொடர்ந்ததா என்பதற்கும் தொடர்பு இருப்பதையும் அவ்வாய்வு காட்டியது. பூனைகளுக்கிடையே நாய்களில் காணப்படுவது போன்ற சமாதான வழக்கங்கள் மிகக் குறைவு. ஒரு கடுஞ்சண்டையின் நினைவு நெடுநாள் நீடிக்கும்.

தடுப்பின்றிச் சந்திக்கவிடும் முன்னர், பூனையின் நகங்களை நறுக்கி, ஒரு மூங்கில் குச்சியின் முனையில் இறகு கட்டி விளையாடச் செய்து அதன் வேட்டை ஊக்கத்தைத் தணித்துவிடுவது உதவும். துள்ளி ஓடும் சிறு குட்டி இரை போலத் தோன்றும் என்பதே இதன் காரணம். பெரிய அட்டையோ தலையணையோ கையருகே இருக்க வேண்டும். சண்டை மூண்டால் அதனை இரண்டுக்கும் இடையே நுழைத்துப் பிரிக்கலாம். வெறுங்கையை நீட்டுதல் ஆகாது. பூனைக்கடி ஊசி குத்தியது போல் ஆழமானது. அதனுள் பாசுச்சரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் தங்கிச் சீழ் பிடிக்கும். ரேபிசு நோய் உள்ள இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில், கடிபட்ட இடத்தைச் சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

விளையாட்டும் சண்டையும்

இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிதன்று. சிலோவாக்கியா, இங்கிலாந்து ஆய்வாளர்கள் 105 நிகழ்படங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரையில், மாறி மாறிக் கட்டிப்புரளுதல் விளையாட்டுடனும், குரலெழுப்புதலும் துரத்துதலும் பகைமையுடனும் தொடர்புடையன எனக் கண்டனர். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையொன்றும் உண்டு என்பது அவர்களின் முடிவு. குட்டியைக் கண்டு பூனை ஒருமுறை சீறிவிட்டு விலகிச் செல்லுதல் கெட்ட அறிகுறியன்று. தொலைவைப் பேணுமாறு அது சொல்லும் முறையே அது. ஓசையே எழாத பகைமைதான் கண்ணுக்குத் தப்புகின்றது. வாயிலில் படுத்துக் குட்டிகளின் வழியை மறித்தல், மணல் தட்டுக்குச் செல்லும் குட்டியை இமைக்காமல் நோக்குதல் ஆகியவை இவ்வகையின. வெளியார் கண்ணுக்குப் பூனை உறங்குவதாகவே தோன்றும்.

வீட்டின் அமைப்பு

உணவு, நீர், படுக்கை, மணல் தட்டு ஆகியவற்றைத் தனித்தனியே, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதவாறு வைக்க வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக மணல் தட்டுகள் வைப்பது வழக்கம். மூன்று தட்டுகளை ஒரே மூலையில் அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒரு தட்டே. சிறிய வீடுகளில் தரைப்பரப்பு போதாது எனினும் உயரம் உண்டு. அலமாரியின் மேற்புறம், பரண், சன்னல் விளிம்பு ஆகியன வளர்ந்த பூனைக்கு ஒதுங்கிடம் ஆகின்றன. குட்டிகள் ஏற முடியாத உயரத்தில் ஓர் இடம் கிடைத்தாலே பல பூனைகளின் சினம் பாதி தணிந்துவிடுகின்றது. ஒற்றைக் குட்டியை விட இரு குட்டிகள் சேர்ந்து வருவதில் ஒரு நன்மை உண்டு. அவை தமக்குள் விளையாடி, மூத்த பூனையின் வாலை விட்டுவிடுகின்றன.

மன அழுத்தம் வளர்ந்த பூனையின் உடலையும் தாக்கும். சுவர்களில் சிறுநீர் தெளித்தல், உரோமம் உதிர நக்குதல், உண்ணாமை, சிறுநீர்ப்பை அழற்சி ஆகியவை அறிகுறிகளாகும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முயன்றும் வராமல் தவிக்குமாயின் அது சில மணி நேரங்களுள் மருத்துவம் தேவைப்படும் அவசர நிலையாகும்.

மருந்துகள்

பூனையின் முகச்சுரப்பில் உள்ள பெரோமோன் ஒன்று 1990களில் பிரான்சில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. தாய்ப்பூனையின் மடிச்சுரப்பை ஒத்த மற்றொரு வகை பின்னர் வந்தது. இவற்றின் பயன் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை. துணைக் கருவியாகப் பயன்படலாமே அன்றி மேலே கூறிய படிநிலைகளுக்கு மாற்றாகா. கபாபென்டின், புளுவொக்செட்டின் போன்ற மருந்துகளை விலங்கு மருத்துவரின் அறிவுரைப்படியே கொடுக்கலாம். மனிதருக்கான பாரசிட்டமால் பூனைக்கு உயிர்க்கொல்லியாகும்.

இணங்காத நிலை

எல்லா முயற்சிகளின் பின்னரும் சில பூனைகள் குட்டிகளை ஏற்பதில்லை. இரத்தக் காயம் ஏற்படும் தாக்குதல் மீண்டும் நிகழுமாயின் முதற் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் பயனளிக்காதவிடத்து வீட்டை இரு பகுதிகளாக்கி முறைவைத்துப் புழங்கவிடலாம், அல்லது குட்டிகளுக்கு வேறு வீடு தேடலாம். குட்டிகள் மூன்று மாதம் நிறையும் முன்னர் புதிய வீட்டில் எளிதில் பொருந்திவிடும் என்பதால், இம்முடிவை நெடுநாள் ஒத்திப்போடுவது அவற்றுக்கு நன்மையாகாது. மூத்த பூனையைத் தெருவில் விடுவது தீர்வாகாது. வீட்டில் வளர்ந்த பூனை அங்கு நெடுநாள் பிழைப்பது அரிது.

ஏற்றுக்கொள்ளப்பட்ட குட்டிகளும் நான்கைந்து மாதங்களில் பருவமடையத் தொடங்குவதால், அதற்குள் அவற்றுக்குக் கருத்தடை அறுவை செய்விக்கப்படுகின்றது. சமூக முதிர்ச்சி அடையும் இரண்டு வயதளவில், அதுவரை அமைதியாக இருந்த வீட்டிலும் புதிய பூசல்கள் எழலாம். அப்போது மணத்திலிருந்தும் மூடிய கதவிலிருந்தும் அறிமுகம் மீண்டும் தொடங்கப்படும்.